ஹோகனுக்குக் கைதட்டிய நாள்

2025 ஜூலை 24ஆம் திகதி அமெரிக்காவில் ஹல்க் ஹோகன் இறந்துபோனார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, கட்டாரில் வேலை செய்யும் என் நானாவின் குரல் பதிவு ஒன்று போனில் வந்து கிடந்தது. "தங்கச்சி, எங்கட ஹோகன் போயிட்டான். வாப்பா டீவிய நிப்பாட்டின நாள் ஞாபகமா?" அவ்வளவுதான்.

ஞாபகம் இல்லாமலா?

ஆசிரியை ஒருத்தி மல்யுத்தத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறாளே என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். மாணவிகளோ, வகுப்பில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கும் டீச்சரா இது என்று சிரிக்கலாம். இரண்டும் நியாயம்தான். ஆனாலும் என் பிள்ளைப் பருவத்தில் பாதி அந்த மேடையைப் பார்த்தே கழிந்தது. அதை மறைத்து இலக்கிய மலருக்கு வேறு ஏதாவது எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2005இல் எனக்குப் பன்னிரண்டு வயது, நானாவுக்குப் பதினாறு. எங்கள் வீட்டில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் டீவி போடக்கூடாது என்பது சட்டம். இஷா முடிந்து வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வரும்வரை கிடைக்கும் சொற்ப நேரத்தில்தான் டென் ஸ்போர்ட்ஸ் பார்ப்போம். 'ரோ', 'ஸ்மக்டவுன்' இரண்டும் அதில் போகும். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது அந்தக் கம்பனிக்கு டபிள்யூ டபிள்யூ எஃப் என்று பெயர். வனவிலங்குகளைப் பாதுகாக்கும் உலக நிதியமும் அதே எழுத்துக்களை வைத்திருந்ததால் வழக்கு நடந்து, 2002இல் டபிள்யூ டபிள்யூ ஈ ஆனது. பண்டாக் கரடி அண்டர்டேக்கரை வென்ற கதை என்று நானா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவரிடம் மல்யுத்த வீரர்களின் கார்ட் கட்டு ஒன்றும் இருந்தது. உயரம், எடை எல்லாம் போட்டிருக்கும். எனக்கு இறாத்தலும் அடியும் பழகியது கணித பாடத்தில் இல்லை, அந்தக் கார்ட்டில்தான்.

2004ஆம் ஆண்டின் கடைசியில் ஒருநாள் நானா அடுப்படி வரைக்கும் ஓடி வந்தார். "தங்கச்சி, எங்கட ஆள் ஒருத்தன் வந்திருக்கான்!"

வந்தவரின் பெயர் முஹம்மத் ஹசன். தலையில் அரபுச் சால்வை. மேடைக்கு வரும்போது இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி ஏந்துவார், துஆக் கேட்பது போல. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். அமெரிக்கன் சண்டைக்குள் ஒரு முஹம்மத்! கூடவே தைவாரி என்று ஒருவர் வருவார். அவர் ஏதோ பாஷையில் உரத்துப் பேசுவார். அரபு என்று நினைத்து, ஓதப் போகும் பிள்ளைகள் நாங்கள், ஒரு சொல்லாவது விளங்குகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். ஒன்றுமே விளங்கவில்லை.

ஹசன் முதலில் சொன்னதெல்லாம் சரியான பேச்சு. நான் அமெரிக்காவில் பிறந்தவன், ஆனால் 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு என் பெயரையும் முகத்தையும் பார்த்து என்னைச் சந்தேகிக்கிறீர்கள், இது அநியாயம் என்றார். அதற்குச் சபை என்ன செய்தது? 'ஹூ' போட்டது. 'யூ எஸ் ஏ, யூ எஸ் ஏ' என்று கத்தியது. அவர் எவ்வளவு நியாயம் கேட்டாரோ அவ்வளவுக்குச் சத்தம் கூடியது. கிழமைகள் போகப் போக அவரை ஏமாற்றுக்காரராகவும் கோழையாகவும் ஆக்கினார்கள். நாங்களும் மெல்ல மெல்ல அவரை வெறுக்கத் தொடங்கினோம். எங்கட ஆள் எப்போது 'அந்த ஆள்' ஆனார் என்று எங்களுக்கே தெரியாது.

2005 ஏப்ரல் 3ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 21ஆவது ரெஸில்மேனியா நடந்தது. அதை நாங்கள் பிறகுதான் டீவியில் பார்த்தோம். ஹசனும் தைவாரியும் சேர்ந்து யூஜின் என்ற அப்பாவிப் பாத்திரத்தை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று பழைய பாட்டு ஒலிக்கிறது. ஹல்க் ஹோகன்! ஐம்பதைத் தாண்டிய மனிதர், மஞ்சள் மீசை, மேடையே அதிர்கிறது. இரண்டு பேரையும் துவைத்து எடுக்கிறார். நானா கட்டிலில் ஏறி நின்றார். நான் கைதட்டினேன். உள்ளங்கை சிவக்கக் கைதட்டினேன்.

வாப்பா அன்று நேரத்தோடு வந்துவிட்டார். கதவடியில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது.

"அடி வாங்குறவன்ட பேர் என்ன?"

"முஹம்மத் ஹசன், வாப்பா."

"அந்தப் பேர் உள்ளவன் அடி வாங்குறதுக்கா கைதட்டுறீங்க?"

வேறொன்றும் சொல்லவில்லை. டீவியை நிப்பாட்டிவிட்டு வுழூச் செய்யப் போனார். எனக்கு வாப்பா மீது கோபம் கோபமாக வந்தது. அவருக்கு ரெஸ்லிங் என்றால் என்னவென்றே தெரியாது, அது வெறும் நடிப்பு, ஒரு கதை, அதில் ஒரு கெட்டவன் இருக்கத்தானே வேண்டும் என்று தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு எனக்குள் வாதாடினேன். இருபது வருடங்களாக அந்த வாதத்தை விட்டு விட்டுத் தொடர்ந்துகொண்டிருக்கிறேன். இப்போது நான் வாப்பாவின் பக்கம்.

நாங்கள் அறியாத விஷயங்கள் பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. முஹம்மத் ஹசன் முஸ்லிமுமில்லை, அரபியுமில்லை. மார்க் கொபானி என்ற இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர். தைவாரி ஈரானியப் பெற்றோரின் பிள்ளை. அவர் பேசியது பாரசீகம். அரபுக் கதாபாத்திரத்துக்குப் பாரசீகம் பேசினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கம்பனி நினைத்திருக்கிறது. அது சரியாகவும் போயிற்று. ஓதப் போன எங்களுக்கே தெரியவில்லையே!

2005 ஜூலை 7ஆம் திகதி ஒளிபரப்பான ஸ்மக்டவுனில் ஹசன் மண்டியிட்டுக் கையேந்த, முகமூடி போட்ட ஆட்கள் வந்து அண்டர்டேக்கரின் கழுத்தைக் கம்பியால் நெரித்தார்கள். மூன்று நாட்களுக்கு முன்னரே பதிவு செய்து வைத்த காட்சி அது. அதே ஜூலை 7ஆம் திகதிதான் லண்டனில் ரயில்களிலும் பஸ்ஸிலும் குண்டுகள் வெடித்தன. ஒளிபரப்பிய தொலைக்காட்சி நிறுவனம் இனி இந்தப் பாத்திரம் எங்கள் திரையில் வேண்டாம் என்றது. அந்த மாதம் 24ஆம் திகதி அண்டர்டேக்கரிடம் ஒரு பெரிய தோல்வியைக் கொடுத்து அவரைக் கதையிலிருந்து அகற்றினார்கள். கொபானி பின்னாளில் ஆசிரியராகி, பாடசாலை அதிபராகவும் ஆனார். இதை அறிந்தபோது எனக்கு அவர் மீதிருந்த கசப்பு கொஞ்சம் குறைந்தது. அவர் எழுதிய கதையல்லவே அது.

ஹோகனுக்கு இது முதல் தடவையுமல்ல. 1984 ஜனவரி 23ஆம் திகதி நியூ யோர்க் மடிசன் ஸ்குயார் கார்டனில் அவர் முதன்முதலாகப் பட்டம் வென்றது 'அயர்ன் ஷேக்' என்பவரைத் தோற்கடித்துத்தான். அவர் உண்மையான ஈரானியர். அமெரிக்க ஒலிம்பிக் மல்யுத்தக் குழுவுக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்த திறமைசாலி. தெஹ்ரானில் அமெரிக்கர்களைப் பணயமாக வைத்த சம்பவத்தின் சூடு ஆறாத காலம். அந்தக் கோபத்தின் மீதுதான் ஹோகன் என்ற நட்சத்திரம் எழும்பியது. 1991இல் வளைகுடா யுத்தம் வந்தது. சார்ஜன்ட் ஸ்லோட்டர் என்ற அமெரிக்க இராணுவப் பாத்திரத்தை ஈராக்கின் ஆதரவாளராக்கினார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் ஹோகன் அவரையும் வென்றார். அதுவும் லொஸ் ஏஞ்சல்ஸில்தான். அதே வருடம் அயர்ன் ஷேக்கைத் திரும்பக் கொண்டுவந்து, 'கேணல் முஸ்தபா' என்று பெயர் வைத்து ஈராக்கியனாக நடிக்கவிட்டார்கள். ஈரானும் ஈராக்கும் எட்டு வருடம் ஒன்றையொன்று கொன்று குவித்து யுத்தம் ஓய்ந்து மூன்று வருடம்கூட இல்லை. ஈரானியனை ஈராக்கியனாக்குவதற்குச் சப்பாத்தையும் சட்டையையும் மாற்றினால் போதும் என்றிருக்கிறது. இன்னும் பின்னால் போனால், 'த ஷேக்' என்ற பெயரில் தொழுகை விரிப்போடு மேடைக்கு வந்து பயமுறுத்தியவர் மிச்சிகனில் பிறந்த லெபனானிய வம்சாவளிக் கிறிஸ்தவர்.

"எல்லாம் பொய்தானே, அதைப் போய்ப் பெரிசாக எடுத்துக்கொண்டு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது என்பது இரகசியமே இல்லை. 1989இல் அந்தக் கம்பனியே நியூ ஜெர்சி மாநில செனட் சபையில் இது போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று ஒத்துக்கொண்டது. விளையாட்டுக்குரிய கட்டுப்பாடுகளும் வரியும் தங்கள் மீது விழாமல் இருக்கத்தான். ஆனால் விழும் அடி பொய்யல்ல. மேடைக்குக் கீழே இரும்பும் பலகையும், மேலே மெல்லிய மெத்தையும் கன்வஸ் துணியும்தான். 1999இல் ஓவன் ஹார்ட் கூரையிலிருந்து இறக்கப்படும்போது கீழே விழுந்து இறந்தார். காட்சியை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள். அந்தக் காலத்தில் இரும்புக் கதிரையால் தலையில் அடிப்பது சாதாரணம். 2010இல்தான் அதைத் தடை செய்தார்கள். பழைய காலம்தான் பொற்காலம் என்று சொல்லும் என் வயது ரசிகர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

என் விஷயம் வேறு. உண்மையான போட்டியில் ஒருவன் தோற்றால் அவனிடம் பலம் போதவில்லை என்று சொல்லலாம். இங்கே ஒருவன் தோற்பது யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து அப்படி எழுதியதால். எவனுக்குச் சபை ஹூ போட வேண்டும், எவன் நியாயம் கேட்டாலும் சிரிக்க வேண்டும் என்பதும் அதே மேசையில் முடிவாகிறது. ஆகவே பொய் என்பதற்காக விட்டுவிடும் விஷயமல்ல இது. பொய் என்பதால்தான் யார் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே மாதத்தில் ஒருநாள் கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். தலையில் ஸ்கார்ப், மடியில் திருத்துவதற்கு எடுத்து வந்த கொப்பிக்கட்டு. என் பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு தடவை பார்த்தார், பையை ஒரு தடவை பார்த்தார், எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அழுதேன், அவர்கள் என் பெயரில் செய்ததல்ல அது, நானும் இங்கேதான் பிறந்தேன். தொண்டைக்குள் வந்த அந்த வசனங்கள் எங்கேயோ கேட்டவை போல இருந்தன. அவை முஹம்மத் ஹசனின் வசனங்கள். நியாயம் கேட்டவனுக்குச் சபை எப்படி ஹூ போட்டது என்பது எனக்குத் தெரியும், அந்தச் சபையில் நானும் ஒருத்தி. வாயைத் திறக்கவில்லை. அடுத்த தரிப்பில் ஏறிய ஒரு சிங்களப் பாடசாலைப் பையன் எந்த யோசனையுமில்லாமல் அந்த வெற்றிடத்தில் தொப்பென்று உட்கார்ந்து போனில் விளையாடத் தொடங்கினான். அவனுக்கு இன்றும் துஆச் செய்கிறேன்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், பெண்கள் கல்லூரி மலரல்லவா. அந்தக் காலத்தில் பெண்களின் பகுதி வந்தால் நானாவே சனலை மாற்றிவிடுவார். தங்கச்சியோடு உட்கார்ந்து பார்க்கக்கூடியதாக அது இருக்கவில்லை. அவர்களைச் சண்டைக்காரிகளாக அல்ல, காட்சிப் பொருளாகத்தான் வைத்திருந்தார்கள். 2015 பெப்ரவரியில் ஒரு 'ரோ' நிகழ்ச்சியில் நான்கு பெண்களுக்குக் கொடுத்த ஆட்டம் ஏறக்குறைய 30 செக்கன்களில் முடிந்தது. ரசிகர்கள் அன்று கோபப்பட்டுச் சமூக ஊடகத்தில் போட்ட சத்தம் ஓயவில்லை. அடுத்த வருடம் 'திவா' என்ற பெயரைக் கைவிட்டார்கள். 2019 ஏப்ரல் 7இல் ரெஸில்மேனியாவின் கடைசி ஆட்டம், அதாவது தலைமை ஆட்டம், முதன்முதலாகப் பெண்களுடையதானது. பெக்கி லிஞ்ச் வென்றார். ஏப்ரல் விடுமுறையில் போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, நானா சனலை மாற்றும் 'டிக்' சத்தம் ஞாபகம் வந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு எங்கள் நாட்டில் நடந்தது தெரிந்ததே.

அந்த வருடமே ஜூலையில் மலேசியாவில் நூர் டயானா என்ற பத்தொன்பது வயதுப் பெண், ஹிஜாப் அணிந்துகொண்டு, நான்கு ஆண்களோடு மோதி அந்நாட்டுப் பட்டம் ஒன்றை வென்றார். 'பீனிக்ஸ்' என்பது மேடைப் பெயர். உயரம் 155 சென்ரிமீற்றர், எடை 43 கிலோ. எங்கள் தரம் பத்துப் பிள்ளைகளில் பலர் அதைவிட உயரம். ஆண்களோடு மோதுவது மார்க்கத்தில் எப்படி என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் எந்தப் பிள்ளையையும் மேடையில் ஏறச் சொல்லவில்லை, என் பிள்ளையையும் ஏற்றமாட்டேன். ஆனால் தலையை மூடியவளைக் கண்டால் பயப்பட வேண்டும், அல்லது பரிதாபப்பட வேண்டும் என்று பழகிய உலகத்தில், அவள் கயிற்றின் மேல் ஏறிப் பாய்வதைப் பார்த்துச் சபை ஆரவாரித்ததே, அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்து ஆசனம் காலியான இரண்டு மாதத்துக்குள் அதைப் பார்த்தேன். அதனால் இருக்கலாம்.

இப்போது எல்லாம் திருந்திவிட்டது என்றும் சொல்லமாட்டேன். 2018 ஏப்ரலில் இந்தக் கம்பனி பெரும் பணத்துக்கு ஜித்தாவில் நிகழ்ச்சி நடத்தியபோது பெண் வீராங்கனைகளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனது. அந்த வருடம் ஒக்டோபரில் இஸ்தான்பூலில் ஊடகவியலாளர் ஜமால் கஷோக்ஜி கொல்லப்பட்டார். ஒரு மாதம் கழித்து ரியாதில் அடுத்த நிகழ்ச்சி. ஜோன் சீனாவும் டேனியல் பிரயனும் போகவில்லை. போனவர்களில் யார் விருந்தினரை வரவேற்கும் தொகுப்பாளர் தெரியுமா? ஹல்க் ஹோகன். அரபியை அடித்துப் பெயர் வாங்கியவர் அரபு மண்ணில் ஸலாம் வாங்கினார். பணம் என்றால் எந்தக் கதையையும் திருப்பி எழுதலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது. 2019 ஒக்டோபர் 31இல் ரியாதில் நடாலியாவும் லேசி எவன்ஸும் உடல் முழுக்க மூடிய ஆடையில் மோதினார்கள். சவூதியில் பெண்களின் முதல் ஆட்டம் அது. அரங்கிலிருந்த சிறுமிகளின் முகங்களைக் கமெரா காட்டியபோது, இந்தப் பணத்தைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோனது. மறந்திருக்கக் கூடாதுதான்.

அந்தப் பயணங்களில் நீண்ட காலம் இல்லாதிருந்தவர் ஸமி ஸெய்ன். கனடாவில் பிறந்தவர், பெற்றோர் சிரியாவிலிருந்து வந்தவர்கள். இவர் உண்மையிலேயே முஸ்லிம். சிரிய வம்சாவளி என்பதால்தான் அவர் சவூதிக்குப் போவதில்லை என்று பரவலாகப் பேசப்பட்டது. 2023 மே 27இல் ஜித்தாவில் முதன்முதலாக இறங்கினார். சபை அவர் பெயரைச் சொல்லி ஓயாமல் கத்தியது. இந்த மனிதரில் எனக்குப் பிடித்தது இதுதான்: அவருக்குச் சால்வை இல்லை, விரிப்பு இல்லை, முகமூடி ஆட்கள் இல்லை. தோற்றுத் தோற்று எழும்பும் பிடிவாதக்காரன், நண்பனுக்காக அழுபவன், சில நேரம் அலட்டல்காரன். 2024இல் 666 நாட்கள் பட்டத்தை வைத்திருந்த குந்தரை அவர் வென்றபோது பிலடெல்பியா மக்கள் கைதட்டியது ஒரு முஸ்லிமுக்காக அல்ல, ஸமி என்ற ஓர் ஆளுக்காக. நானாவும் நானும் 2004இல் ஆசைப்பட்ட 'எங்கட ஆள்' இருபது வருடம் தாமதித்து வந்திருக்கிறார்.

ஹோகனோ, 2025 ஜனவரி 6இல் 'ரோ' நெட்பிளிக்ஸுக்கு மாறிய முதல் இரவில் லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து அரங்கொன்றில் தோன்றினார். அவர் கறுப்பினத்தவரைப் பற்றி முன்பு இழிவாகப் பேசிய பேச்சு வெளியாகியிருந்தது, அவருடைய அரசியலும் பலருக்குப் பிடிக்கவில்லை. சபை ஹூ போட்டது. பேசி முடிக்கும்வரை போட்டது. அடுத்த ஜூலையில் மனிதர் போய்விட்டார். சந்தோஷப்பட முடியவில்லை. அந்த மஞ்சள் மீசையோடு என் பன்னிரண்டு வயதும் இருக்கிறதே.

நானாவுக்கு நான் பதில் அனுப்பவில்லை, அழைப்பே எடுத்தேன். டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்து ஸமியின் ஜித்தா ஆட்டத்தைப் போட்டுக் காட்டுவோம் என்றார். வாப்பாவிடமும் கேட்டேன். கடையை இப்போது மச்சான் பார்க்கிறார், வாப்பாவுக்கு நேரம் நிறைய. முதலில் வேண்டாம் என்றார். பிறகு, "அவன்ட பேர் என்னண்டு சொன்னீங்க மகள்?" என்று கேட்டார். சொன்னேன்.

"சரி, நானும் இருக்கேன். ஆனா கதிரையால அடிச்சா நிப்பாட்டிப் போடுவேன்."